பல் வெளுத்த மாதம்

மார்ச் 3, திங்கள்

புதுப் பாக்கெட்டில் என் முகம் வரப்போகிறதாம். மேலாளர் இன்று எல்லோர் முன்னாலும் சொன்னார். "நம்ம டீயை ருசி பார்த்து அனுப்புறவங்க இவங்கதான்னு ஜனங்களுக்குத் தெரியணும்." கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்: "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை போட்டோ. பல்லை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கிட்டீங்கன்னா..."

எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கில் சூடான டீயைக் கரண்டி கரண்டியாக உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றித் துப்புகிறவளுக்குப் பல் எப்படி இருக்கும்? கழுவாத கோப்பையின் உள்பக்கம் மாதிரிதான். ஆனாலும் அந்த மனுஷன் சுவரைப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னோடு ருசி பார்க்கிற மீசைக்கும் இதே பல்தான். மறைத்துக்கொள்ள அவருக்கு மீசை இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டரம்மா அளவெடுத்து, பல்லின் மேல் மாட்டிக்கொள்ள மெல்லிய உறை ஒன்று செய்து தந்தார். அதில் ஜெல்லை விட்டு தினமும் அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும்.

"எனாமல் கெட்டுப்போகாதா டாக்டர்?"

"சொன்ன அளவோட நிறுத்தினா பயமில்லை. மேல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டை விழும், கொஞ்சம் கூசும். எச்சிலே அதைச் சரிபண்ணிடும். ஆனா இந்த நாள்ல டீ, காபி தொடாதீங்க. வெளுத்த பல் சாயத்தைச் சட்டுனு இழுக்கும்."

"குடிக்க மாட்டேன் டாக்டர். துப்பிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர்தான் உறையை மாட்டிய என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே கரண்ட் போனாக்கூடக் கவலை இல்ல."

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் வெளுப்பது வேலையில் பழுப்பாகிறது. லீவு கேட்கலாமென்றால் இலை வந்து குவிகிற நேரம். கண்ணாடி முன்னால் போய் நிற்பதும் வருவதுமாக இருக்கிறேன். அரை மணியை இரண்டு மணியாக்கினேன். பற்றாது. யாரோ ஒரு பெண் வீடியோவில் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்க்கிறாள். நானும் தேய்த்தேன். உடனே பளிச்! இதை ஏன் அந்த டாக்டர் சொல்லவில்லை?

மார்ச் 10, திங்கள்

தண்ணீர் குடித்தேன். உயிர் போய்த் திரும்பி வந்தது.

மார்ச் 12, புதன்

பல்லுக்குச் சூடு ஆகவே ஆகவில்லை. கோப்பைகளை ஆறவிட்டு ருசி பார்த்தேன். மீசை விடுவாரா?

"என்னக்கா, டீ ஆறி அவலாப் போச்சே. உடம்பு சரியில்லையா?"

"நாக்கைச் சுட்டுக்கிட்டேன்" என்று புளுகினேன்.

இரண்டு பேரும் சரி என்றால்தான் சரக்கு வெளியே போகும். கடைசிச் சரக்கில் அவர் தயங்கினார். "லேசாப் புகை வாசம் அடிக்கல?" ஆறின டீயில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இல்லை என்றேன். கோப்பையை இன்னொரு தரம் முகர்ந்தார். "நீங்க சொன்னாச் சரி."

ஏன் அடித்துச் சொன்னேன்? தெரியல என்று சொன்னால் வாயா வெந்துவிடும்?

மார்ச் 14, வெள்ளி

போட்டோ எடுத்தார்கள். "இன்னும் பெரிசா சிரிங்கக்கா, இன்னும் பெரிசா." சிரித்தேன். பல் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்தச் சரக்கு நாளைக் காலை லாரியில் ஏறுகிறது. புகை இருந்தால்? இல்லாமலும் இருக்கலாம். மீசைக்குத் தோன்றியது வெறும் பிரமையாகவும் இருக்கலாம். ஐயோ, எனக்கு ஏன் தெரியல!

மார்ச் 15, சனி

ஆள் வருவதற்கு முன்பே போய் அந்தச் சரக்கில் ஒரு கோப்பை போட்டேன். ஆற விடவில்லை. ஒரே உறிஞ்சு. முன்பல்லில் பிடித்த வலி மண்டைக்கு ஏறி, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்த வலிக்குள்ளேயும் தெரிந்தது. புகை. சந்தேகமே இல்லை.

ஓடினேன். லாரியில் பாதி ஏற்றிவிட்டார்கள்.

"புதன்கிழமை நல்லா இருந்த டீ ராத்திரியோட ராத்திரியாப் புகைஞ்சிடுச்சா?" என்றார் மேலாளர். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். மீசையும் நிற்கிறார்.

"முன்னாடியே அப்படித்தான் சார் இருந்திருக்கு. எனக்குப் பல்லு கூசுது. ஆற வச்சுத்தான் குடிச்சேன். இவர் கேட்டாரு, நான்தான் இல்லைன்னுட்டேன்."

மூட்டைகளை இறக்கினார்கள். மீசை என் பக்கத்தில் வந்து, "கேட்டேனேக்கா" என்றார். அவரும் மூட்டை இறக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 18, செவ்வாய்

"ஜெல் பண்ணினது தானா ஆறிடும். எலுமிச்சை அரிச்சது ஆறாது" என்றார் டாக்டரம்மா. "போன எனாமல் நகம் மாதிரி திரும்ப வளராதும்மா." பூச்சு போட்டுவிட்டார். கூச்சம் குறையுமாம், முழுசாகப் போகும் என்று சொல்லவில்லை. எவ்வளவு அரித்திருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேலாளர் என்னைப் பாக்கெட் போடும் பகுதிக்கு மாற்றிவிட்டார். மேஜையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

மார்ச் 21, வெள்ளி

அடுத்த அறையில் உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. வேலை ஓடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பாக்கெட் அச்சாகி வந்தது. என் முகத்தை நீக்கவில்லை, செலவழித்தாயிற்றே. அட்டையில் நான் வாய்கொள்ளாமல் சிரிக்கிறேன். பல் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருக்கிறது. அட்டையை வடிவமைத்த பையன் வந்திருந்தான்.

"இவ்வளவு வெள்ளையாவா தம்பி இருந்துச்சு?"

"அது கம்ப்யூட்டர்ல பண்றதுக்கா. யார் பல்லா இருந்தாலும் இதே கலருக்குக் கொண்டுவந்துடுவோம். நீங்க எப்படி வந்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்."

பாக்கெட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். அந்தப் பக்கமாக வந்த மீசை நின்று, பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் வாயைத் திறந்தார்.

"அக்கா, இதுக்கு என் பல்லே போதுமா இருந்திருக்கும்போல."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்ததும் காற்றுப் பட்டுச் சுரீரென்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்து முடித்தேன்.