மாப்பிள்ளைக்கு நான் கட்டிய கயிறு

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் நலம். கடிதம் என்றதும் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டு விலாசம் இருக்க, நீ வேலை பார்க்கும் நூலகத்துக்கு ஏன் எழுதினான் என்று நினைப்பாய். வீட்டுக்கு வரும் தபாலை மாப்பிள்ளைதான் முதலில் எடுக்கிறார் என்று நீ சொல்லியிருக்கிறாய். என் கையெழுத்தைப் பார்த்தால் பிரித்துப் படித்துவிடுவார். படித்தால் உன்னிடம் தர மாட்டார். போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் அங்கே மழையா, வாலு சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மணிக்கணக்கில் பேசுகிறவன்தான் நான், பேச வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் என்னை வண்டியிலிருந்து இறக்கி வகுப்பறையில் போட்டுவிட்டார்கள். முட்டி வலி என்று நான்தான் கேட்டேன். தினமும் இருபது பேருக்குச் சாலை விதிகள் சொல்லிக் கொடுக்கிறேன். ‘கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுத்திப் பாருங்க. தப்பு பண்ணிட்டா வண்டிய நிறுத்துங்க, தப்ப மறைக்க வேகமா போகாதீங்க’ என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்கிறேன். போன வாரம் ஒரு பெரியம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன்.

போன ஞாயிறு நீ போனில் ஒன்று சொல்லிச் சிரித்தாயே, அதிலிருந்துதான் இது. பள்ளிக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை குனிந்து வாலுவின் ஷூ கயிற்றைக் கட்டப் போனாராம். அவள் காலை இழுத்துக்கொண்டு, “நீ கட்டாதப்பா, நீ கட்டினா அவிழ்ந்துடும், அம்மா கட்டட்டும்” என்றாளாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து இந்தப் பேச்சு என்று நீ சிரித்தாய். எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். ஒரு முடிச்சுகூட ஒழுங்காகப் போடத் தெரியாத மனிதர் என்று ஒரு வருஷமாக நம் வீட்டில் எல்லோரும் அவரைச் சொல்கிறோம். நீ சொல்கிறாய், அண்ணி சொல்கிறாள், கல்யாண வீட்டில் சித்தப்பா மைக் இல்லாத குறையாகச் சொன்னார். நானும் அங்கே உட்கார்ந்து சிரித்தேன்.

தங்கச்சி, அந்த முடிச்சை அவர் போடவில்லை. நான் போட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் எழுத மாட்டேன்.

நானும் மாப்பிள்ளையும் காட்டுக்குப் போன அந்தப் பயணத்துக்கு முன் இரண்டு மாதம் நான் ஆடிய ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். காட்டுக்குப் போய் கூடாரம் போட்டுத் தரையில் படுப்பதெல்லாம் பழசு, இரண்டு மரத்துக்கு நடுவில் ஹேமக் என்கிற துணித் தொங்கலைக் கட்டிப் படுப்பதுதான் சுகம் என்று எங்கோ படித்துவிட்டு வந்தேன். இரண்டு பேருக்கும் இந்த வயசில் தூளியா, தாலாட்டு யார் பாடுவது என்று நீ கேட்டாய். எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கச் சாமான்தான். துணி மெல்லியதாக இருக்கலாம், ஆனால் நீளம் பத்தரை அடிக்குக் குறையக் கூடாது, அப்போதுதான் குறுக்காகப் படுத்து முதுகை நேராக வைக்கலாம் என்று சொல்லி, வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். மேலே மழைக்குத் தார்ப்பாய். கொசுவுக்கு வலை. குளிர் கீழேயிருந்துதான் ஏறும் என்று ஹேமக்கின் அடியில் கட்டத் தனிப் போர்வை. எல்லாவற்றையும் விட முக்கியம் மரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டை. அது இரண்டு விரல் அகலம் இருக்க வேண்டும், மரத்தின் தோலும் வெட்டுப்படாது, ஆளும் விழ மாட்டான். கயிறு ஆகவே ஆகாது. விறைப்பாக இழுத்துக் கட்டவும் கூடாது, இழுக்க இழுக்க இரண்டு பக்கமும் பாரம் பல மடங்கு ஏறும். பட்டை சரிவாக இறங்கி, துணி நாற்காலி உயரத்தில் தொங்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காக ஒரு காரணம் கண்டுபிடிக்கக் கூடாது.

மாப்பிள்ளைக்கு இதில் ஒன்றும் ஆசையில்லை. நான் கூப்பிட்டேன், வந்தார். பல்செட் செய்யும் கூடத்தில் ஒரு வாரமாக விடாமல் மெழுகில் பல் செதுக்கிக் கண் எரிகிறது, இரண்டு நாள் பச்சையைப் பார்த்தால் போதும் என்றார். கிளம்புவதற்கு முந்தின மாலை, கீழ் வீட்டுக்காரருக்குச் செய்து காட்டுகிறேன் என்று ஒரு ஜோடிப் பட்டையை எங்கள் பால்கனித் தூண்களில் கட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்து ஆடி, ஆகா என்றார். நான் பெருமையோடு உள்ளே வந்துவிட்டேன். ஹேமக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன், பட்டையை அவிழ்த்து எடுத்து வைக்கவில்லை.

முகாமிடத்தில் பையைக் கொட்டினால் இரண்டு ஹேமக், ஒரு ஜோடிப் பட்டை. மாப்பிள்ளை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். குழாய் கொஞ்சம் தூரம். அவர் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ‘மாப்பிள்ளை, மறந்துட்டேன், ஒருத்தர் தரையில படுக்கலாம்’ என்று. இரண்டு மாதம் அவருக்குப் பாடம் நடத்திவிட்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இருந்த பட்டையை எடுத்து என் ஹேமக்கைக் கட்டிக்கொண்டேன். துண்டு காயப்போட எடுத்துப் போன நைலான் கயிற்றை இரண்டாக மடித்து அவருடையதைக் கட்டினேன். தாழ்ந்துவிடுமோ என்று பயந்து வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினேன்.

எனக்கு எடை அதிகம், அவர் ஒல்லி, கயிறு அவரைத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன் என ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். அந்த நேரத்தில் நான் எடையைப் பற்றி யோசிக்கவே இல்லை. நல்லது கையில் இருந்தது, எனக்குக் கட்டிக்கொண்டேன்.

அவர் தண்ணீரோடு வந்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“மச்சான், இது துணி காயப்போடற கயிறு இல்ல?”

“இது வேற ரகம் மாப்பிள்ளை. எடை தாங்கும். நீங்க பயப்படாம படுங்க.”

அவர் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறிப் படுத்தார். நல்லாத்தான் இருக்கு மச்சான் என்றார். நான் அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பினேன். பட்டென்று ஒரு சத்தம். தலைப் பக்கத்துக் கயிறு மரத்தில் உரசி அறுந்திருந்தது. விழுந்த உயரம் நாற்காலி உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் கீழே கல். வலது கையை ஊன்றி விழுந்தார், உடம்பு முழுக்க அந்த மணிக்கட்டின் மேல்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு வனக் காவலர் ஓடி வந்தார். நல்ல மனிதர், பலகை வைத்துக் கையைக் கட்டியவர் அவர்தான். கட்டும்போது மரத்தில் தொங்கிய மிச்சக் கயிற்றைப் பார்த்தார். “இந்தக் கயித்த நம்பியா படுத்தீங்க? யாரு கட்டினது?” என்று கேட்டார். பக்கத்தில் என் ஹேமக் அகலப் பட்டையில் அழகாகத் தொங்குகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

“நான்தான் சார் கட்டினேன்” என்றார்.

முகம் தெரியாத ஒருவர் முன்னால் மச்சான் தலைகுனியக் கூடாது என்று அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் சொன்னது அது. அதோடு முடிந்திருக்கும். முடியவிடாதவன் நான். ஆஸ்பத்திரி நடையில் நீ ஓடி வந்து என்ன ஆச்சு அண்ணா என்று கேட்டாய். அவர் உள்ளே எக்ஸ்ரே அறையில் இருந்தார். மறுக்க ஆள் இல்லாத இடத்தில், யாரும் என்னை நெருக்காத நேரத்தில், ‘மாப்பிள்ளை கட்டின முடிச்சு அவிழ்ந்துடுச்சும்மா’ என்று நான் சொன்னேன். அறுந்த கயிறு அவிழ்ந்ததாக மாறியது என் வாயில்தான். அவர் வெளியே வந்ததும் நீ அவரைத் திட்டினாய். அழுதுகொண்டே திட்டினாய். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆமா, கவனிக்காம கட்டிட்டேன் என்று உன்னிடம் சொன்னார்.

அப்புறம் நடந்தது நீ என்னைவிட நன்றாக அறிவாய். தகடு வைத்தார்கள். கட்டைவிரலும் அடுத்த விரலும் ஒன்றோடொன்று முழுதாகச் சேரவில்லை. அவர் செதுக்கும் முன்பல்லை வாயில் வைத்துப் பார்த்தால் வைத்தவருக்கே வித்தியாசம் தெரியாது என்று அந்தக் கூடத்து முதலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் அவருடைய மேசையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அவர்களும் என்ன செய்வார்கள்? நீங்கள் அவருடைய அண்ணன் இருக்கும் ஊருக்கே மாறிப் போனீர்கள். இப்போது அங்கே ஒரு கூடத்தில் மற்றவர்கள் செய்த பல்செட்டைப் பெட்டியில் வைத்து முகவரி ஒட்டுகிறார் என்று நீ சொன்னபோது, உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, நல்லதுதானே என்று நான் ஆறுதல் சொன்னேன். எந்த வாயால் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

நீங்கள் வண்டியில் சாமான் ஏற்றிய அன்று அவரோடு ஐந்து நிமிஷம் தனியாக இருந்தேன். சொல்லிவிடலாம் என்று, மாப்பிள்ளை, அந்தக் கயிறு என்று ஆரம்பித்தேன். அவர் இடது கையால் என் தோளைத் தட்டி, “விடுங்க மச்சான், உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா அண்ணன்னு ஒருத்தர் இல்லாம போயிடும் அவளுக்கு” என்றார். எனக்காக அவர் இதைச் சுமக்கவில்லை, உனக்காகச் சுமக்கிறார் என்று அன்றுதான் புரிந்தது. புரிந்த பிறகும் ஆறு மாதம் சும்மா இருந்தேன். எனக்கு வசதியாக இருந்தது.

புதன்கிழமை உன் அண்ணியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். எழுந்து போய்ப் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, “எங்கிட்ட சொல்லி உங்க பாரத்த இறக்கிட்டீங்க. அவரு பாரம் அப்படியேதான இருக்கு? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க” என்றாள். அதற்குப் பிறகு நாலு நாளாகச் சாப்பாடு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். நம் சித்தப்பாவுக்கும் நானே போன் செய்து சொல்லிவிட்டேன்.

வாலுவிடம் நீயே சொல்லு. மாமா கட்டின கயிறுதான் அறுந்தது, அப்பா கட்டினது எதுவும் அவிழவில்லை என்று சொல்லு. மாமா ஏன் பொய் சொன்னார் என்று கேட்பாள். வெட்கப்பட்டார் என்று சொன்னால் அந்த வயதுக்குப் புரியும்.

மன்னிப்பு கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சங்கடத்தையும் உன் தலையில் வைக்க எனக்கு மனமில்லை. நேரில் வந்து அவர் முன்னால், உன் முன்னால், இதையெல்லாம் வாயால் சொல்ல வேண்டும். நீ வா என்று எழுதினால் வருகிறேன். வராதே என்றாலும் அதை ஒரு வரி எழுது. எழுதாமலே இருந்தாலும் எனக்குப் புரியும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைக்கும் அன்று மாலை இதை நீ அவரிடம் காட்டுவாய். அவர் படித்துவிட்டுச் சிரிப்பார். மச்சானுக்கு மனசு சரியில்லை, ஏதேதோ எழுதியிருக்கார், கட்டினது நான்தான் என்பார். உன் முகத்தைப் பார்த்தே சொல்வார், கொஞ்சமும் தடுமாறாமல் சொல்வார். உனக்கு அண்ணன் வேண்டும் என்பதற்காகச் சொல்வார். இத்தனை வருஷமாக நீ அவர் சொன்ன எதையும் நம்பாமல் இருந்ததில்லை.

இதை மட்டும் நம்பாதே.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். அவருடைய விரல்கள் சேர வேண்டும்.

உன் அண்ணன்