தூரத்து ஸ்டேஷன் அட்டைகள்

என் மகனுக்கு,

கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிடு. பேத்திகள் இரண்டு பேரும் சுகம். நம் லயத்து வீட்டுக் கூரையில் நீ கட்டிய ரேடியோக் கம்பியை அவிழ்த்துவிட்டேன். கோபப்படாதே.

உன் பிரஜாவுரிமை மனுவை விசாரிக்கத் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு ஐயா வந்தார். நீ இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார். தூரத்து ரேடியோ ஸ்டேஷன்களைக் கேட்டு நீ எழுதிப்போட, கேட்டது சரிதான் என்று லண்டனும் மாஸ்கோவும் அனுப்பிய அட்டைகள் இருந்தனவே! பத்து வருஷ அட்டைகள். எல்லாவற்றிலும் உன் பேர், பூண்டுலோயா விலாசம், தேதி. அஞ்சாம் வகுப்பு படித்தவள் இல்லையா, வருஷவாரியாக நானே அடுக்கி, தலை நிமிர்ந்து கொண்டுபோனேன்.

ஐயா சிரித்தார். "இத்தனை நாட்டோட சிநேகிதம் இருக்கே ஆச்சி, ஒங்க மகனுக்கு இந்த நாடு எதுக்கு?" என்றார். அட்டைகளைத் திருப்பித் தரவில்லை.

மனு தள்ளுபடி என்று செவ்வாய்க்கிழமை காகிதம் வந்தது. பேத்திகளுக்கும் சேர்த்துத்தான்.

நேற்று ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு அட்டை.

"ஒங்க மகனுக்குத்தானே, வாங்கிக்கங்க" என்றார் தபால்காரர்.

நான் வாங்கவில்லை. எழுதத் தெரிந்தவள்தானே, அவர் பென்சிலை வாங்கி அட்டைமேல் நானே எழுதிக் கொடுத்தேன்: 'இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை.'

உன் அம்மா