அண்ணி கழுத்தில் தனாக்கா

ரங்கூன், மிங்கலா தாங்ஞுன்ட்,
அட்சய வருஷம், சித்திரை 20

சிரஞ்சீவி வடிவேலுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்ல, தங்கை தைலம்மாள் எழுதுவது. இங்கே மூவரும் சுகம். வேலைக்குப் போன இடத்தில் மாந்தலை வெயிலை நீ எப்படித் தாங்குகிறாயோ என்பதுதான் கவலை, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. உன் பெண்டாட்டி பவுனம்மாள் பர்மியப் பெண்களைப் போல், சந்தனம் மாதிரி தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு திரிகிறாள், சொன்னாலும் கேட்கவில்லை. அடுத்த கப்பலில் போகிற அய்யாசாமி மாமாவோடு அவளை ஊருக்கு அனுப்பிவிடுகிறேன். சரி என்று ஒரு வரி எழுது.

அண்ணா, இதுவரை அம்மா சொன்னது, இனி நானாக எழுதுவது. அண்ணியின் காதுக்குப் பின்னால் மஞ்சளாய் ஒரு தீற்றல் இருந்ததை முதலில் பார்த்தவள் நான், அம்மாவிடம் சொன்னதும் நான்தான். சிறு வயதிலிருந்து அடுத்த வீட்டுப் பர்மிய அம்மா டோ மியா என் கன்னத்தில்தான் பூசுவார், இப்போது காலையில் “பவுனு, வாம்மா” என்று அண்ணியைத்தான் கூப்பிடுகிறார். நீங்களும் அவளுக்கு இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள், எனக்கு ஒரு வரி. அவளுக்குப் படிக்கத் தெரியாததால் அந்த இரண்டு பக்கத்தையும் நானே வாசித்துக் காட்ட வேண்டும். அந்த எரிச்சலில் சொல்லிவிட்டேன். அம்மா, “புருஷன் மாந்தலையில கெடக்கான், இவ யாருக்குப் பூசிக்கிட்டு நிக்கிறா?” என்று கேட்டாள். அண்ணி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

முந்தாநாள் அவள் குளிக்கும்போது முதுகைப் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்க்குரு, சொறிந்து புண்ணாகியிருக்கிறது. டோ மியா அந்த எரிச்சல் தணியத்தான் தனாக்கா பூசியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றால், “வந்து நாலு மாசத்துல சீக்காளின்னு பேர் வாங்கவா?” என்கிறாள். மாமியார் மருமகள் சண்டையில் நான் யார் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவள் போய்விட்டால் கடிதம் முழுக்க எனக்கே வரும் என்றும் நினைத்தேன். ஆனால் மூட்டிவிட்டதும் நான், கப்பலில் அனுப்புகிற வரியை எழுதியதும் நான், இனி எப்படி ஒதுங்கி நிற்பது? அண்ணியை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்று எழுதிவிடாதீர்கள்.

இவ்வளவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “எழுத ஒக்காத்தி வச்சா நாட்டாமை பண்றியாடி” என்றாள். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு முதுகைப் பார்த்தாள். புண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கப்பல் விஷயத்தை அடித்துவிடு, அவனுக்கு என் ஆசீர்வாதம் எழுது, நூறு வயசு நன்றாக இருக்கட்டும் என்கிறாள். மேலே அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். நீங்கள் மறக்காமல் எனக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்.

பேனாவை வைத்துவிட்டுப் போய் டோ மியாவிடம் அரைக்கிற கல்லும் பட்டையும் வாங்கி வந்தேன். அவர் பூச வருவதற்குள், அண்ணியின் கை எட்டாத இடத்தில் நானே பூசிவிட்டேன்.

இப்படிக்கு, அம்மாவுக்காகவும் தனக்காகவும்,
தங்கை தைலம்மாள்