மோருப்பின் சாம்பல்

மடாலயம்,
மே 20, 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நம்கியால் வணங்கி எழுதுவது. அக்கா என்று எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. லே நகரச் சிறையிலிருந்து விட்டதும் நேரே இங்கே வந்துவிட்டேன். ஊருக்குள் வரத் துணிவில்லை. தண்ணீர் முறைக்காக மோருப் அத்தான் மீது மண்வெட்டியை ஓங்கிய கை இன்னும் என் தோளில்தான் தொங்குகிறது.

பாவம் கழுவும் வஜ்ரசத்துவர் மந்திரத்தை விடாமல் ஜெபிக்கிறேன். லாமா சொன்னார்: "வருத்தப்பட்டா மட்டும் பத்தாதுப்பா. சரணடையணும், பரிகாரம் பண்ணணும், இனிமே செய்யமாட்டேன்னு உறுதி எடுக்கணும். எல்லாம் சேர்ந்தாத்தான் வினை கரையும்."

அத்தானின் அஸ்தியில் நீ எடுத்துவைத்த பங்கிலிருந்து ஒரு பிடி கொடு, அக்கா. களிமண்ணோடு பிசைந்து, அச்சில் அழுத்திச் சிறு ஸ்தூபிகள் செய்து, அவருடைய நற்பிறவிக்காகக் குகையில் வைக்கிறேன். வேறெதுவும் கேட்கமாட்டேன்.

உன் தம்பி,
நம்கியால்

சுமதாங்,
ஜூன் 2

நம்கியாலுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். என் வீட்டுக்காரரைக் கொன்றதும் நீ, அவர் சாம்பலை வைத்துப் புண்ணியம் தேடுவதும் நீயா? நன்றாயிருக்கிறது நியாயம்.

உறுதி எடுக்கப் போகிறாயாமே. சிறையில் உன் கையில் மண்வெட்டியை யார் கொடுத்தார்கள்? மடாலயத்தில் உன்னிடம் யார் சண்டைக்கு வருகிறார்கள்? அங்கே சாந்தமாக இருப்பது பெரிய காரியமா?

பௌர்ணமிக்கு மறுநாள் நம் வயலுக்குத் தண்ணீர் முறை. ஆண் துணை இல்லாத வீடு என்று பக்கத்து வயல் ஆங்சுக் வருஷா வருஷம் நம் மடையை அடைத்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான். பார்லி கருகுகிறது. வா. அதே மேல்மடையில், கையில் மண்வெட்டியோடு நில். பார்க்கலாம் உன் உறுதியை. சாம்பல் பேச்சு அப்புறம்.

டோல்கர்

மடாலயம்,
ஜூன் 9

அக்காவுக்கு,

பயமாக இருக்கிறது. ஆங்சுக் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். போகட்டுமா என்று லாமாவிடம் கேட்டேன். "என்னை ஏன் கேக்குற? உன் கையைக் கேளு" என்று சொல்லிவிட்டார்.

வருகிறேன்.

நம்கியால்

சுமதாங்,
ஜூலை 5

தம்பி நம்கியாலுக்கு,

தோள் வீக்கம் வடிந்ததா? வெண்ணெய் தடவிச் சூடு காட்டு. அப்படியே மடாலயத்துக்குப் போய்விட்டாய்.

ஆங்சுக் மடையை அடைத்துக்கொண்டே, "என்னடா கொலைகாரா, இன்னொரு தலை வேணுமா? இந்தா, அடி!" என்று தலையை நீட்டினான். நீ மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பி, "அண்ணே, இது அக்கா முறை. தண்ணியை விட்ருங்க" என்றாய். அவன் என் பக்கம் திரும்பி, "புருஷனைக் கொன்னவனையே காவலுக்கு வெச்சிருக்கா பாரு" என்று சிரித்தான்.

அதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது. கீழே கிடந்த மண்வெட்டி எப்போது என் கைக்கு வந்தது? நீ குறுக்கே பாய்ந்து தோளில் வாங்கியிருக்காவிட்டால் அவன் மண்டை பிளந்திருக்கும். கண் மூடித் திறக்கும் நேரம்தான்.

நீ போனபின் ஆங்சுக் தானே மடையை நம் வயலுக்கு வெட்டிவிட்டான். பார்லி பிழைத்துக்கொண்டது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அவர் போனது போனதுதான். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மண்வெட்டியை ஓங்கிய கை இப்போது எனக்கும் இருக்கிறது.

சாம்பல் பானையை இறக்கித் துடைத்துவைத்திருக்கிறேன். மேல்மடைக் களிமண்ணும் எடுத்தாயிற்று. வரும்போது அச்சு ஒன்று போதாது. எனக்கும் ஒன்று கொண்டு வா.

உன் அக்கா,
டோல்கர்