இரண்டுக்கு முன்னால் பத்து

மார்ச் 3, திங்கள்

காலை மீட்டிங்கில் தேஜஸ் ஒரே வரியில் முடித்துவிட்டான். டோக்கன் சாஃப்ட்வேரிலிருந்து லைப்ரரியை முழுதாக எடுத்துவிட வேண்டும், மாத நடுவில் ரிலீஸ். "எல்லாமே இப்போ லாங்குவேஜ்லயே இருக்கு ஜூடித். இதெல்லாம் பழைய ஸ்டைல்." பழையது என்றபோது அவன் திரையில் இருந்த புரோகிராம் கோடைப் பார்த்தானா, என்னைப் பார்த்தானா?

எங்கள் சாஃப்ட்வேர் ஓடும் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று போர்டில் காட்டுவது என் கோட். வருஷக்கணக்காக ஒரு புகார் கிடையாது. ஓடுகிற வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கச் சொல்கிறான், டீம் லீடாகி ஒரு சம்பளம் வாங்குவதற்குள்.

மார்ச் 4, செவ்வாய்

சாப்பிடும்போது தியோடர் கேட்டார், "அப்படி என்னதான் சண்டை? லைப்ரரின்னா என்ன?" சொன்னேன். முன்பெல்லாம் நம் வீட்டில் கிரைண்டர் இல்லை, இட்லி மாவு கடையில் வாங்கினோம். லைப்ரரி அந்த மாவு. யாரோ அரைத்துச் சரிபார்த்துத் தருவது. இப்போது நாங்கள் கோட் எழுதும் மொழிக்குள்ளேயே கிரைண்டர் வந்துவிட்டது, கடை மாவு எதற்கு என்கிறான் தேஜஸ்.

"அவன் சொல்றது சரிதானே?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கட்டிய கணவரும் அவன் கட்சி.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். இந்தத் தவக்காலத்துக்குக் கோபத்தை விட்டுவிடலாம் என்று பூசையில் நினைத்தேன். ஆபீஸ் லிஃப்ட் வரை தாங்கியது.

மார்ச் 7, வெள்ளி

வேலையை எனக்கும் பிரபாவுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறான். பிரபா குழந்தைகளுக்காக வேலையை விட்டு, வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்தவள். நகரத்துக்கு வெளியே இருக்கும் அத்திபெலேயிலிருந்து தினமும் பஸ். இன்னும் புரபேஷன், அடுத்த மாதம்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். திரும்பவும் புதிதாகப் படித்து வந்ததால் மொழியின் புது வசதிகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான் லைப்ரரியில் எழுதிய நாலு வரியை ஒரே வரியில் எழுதிக் காட்டுகிறாள். அழகாகத்தான் இருக்கிறது. அதுவும் எரிச்சல்.

ஆனால் இரண்டும் ஒன்றில்லையே! நோயாளிகளின் பட்டியல் காலியாக வந்தால் லைப்ரரி சத்தம் போடாமல் காலியாகவே திருப்பித் தரும். மொழி அங்கேயே படுத்துவிடும். போர்டு இருண்டுவிடும். இப்படி எத்தனை இடம் இருக்கிறதோ. ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும். பார்க்க நேரம் யார் தருகிறார்கள்?

மார்ச் 12, புதன்

கேட்டேன். புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் எழுத ஒரு வாரம் போதும் என்றேன். கன்னடம் கலந்து, "பேடா ஜூடித், வேணாம். இருக்கிற டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது" என்றான். இருக்கிற டெஸ்டில் ஐந்தாறு டோக்கன்தான் இருக்கிறது, அங்கே காலையில் அறுபது எழுபது பேர் வருவார்கள் என்றேன். "உங்களுக்கு அந்த லைப்ரரி மேல லவ்வு. அதான் விஷயம்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரபா சிரிக்கவில்லை.

எனக்கு என்ன லவ்வு? எவனோ ஊர் பேர் தெரியாதவன் எழுதியது அது. போகட்டும். என்னமோ பண்ணித் தொலையட்டும்.

மார்ச் 19, புதன்

நேற்று ரிலீஸ். இன்று காலை மருத்துவமனையிலிருந்து ஃபோன். போர்டு ஆட்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறதாம். பிரபாவும் நானும் ஆட்டோ பிடித்து ஓடினோம். வழியிலேயே ஃபோனில் கோடைத் திறந்து பார்த்து பிரபா, "ஐயோ" என்றாள்.

தப்பு இருந்தது டோக்கன்களை வரிசைப்படுத்தும் இடத்தில். மொழியில் இருக்கும் வரிசைக் கட்டளைக்கு, இவை எண்கள் என்று நாம் சொல்லித் தர வேண்டும். சொல்லாவிட்டால் எண்ணையும் எழுத்தாக நினைத்துக்கொள்ளும். ஒன்று, அப்புறம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு… பத்தொன்பது வரை போய்விட்டுத்தான் இரண்டு. லைப்ரரி எண்ணை எண்ணாகவே பார்க்கும். ஐந்தாறு டோக்கனில் இது எப்படித் தெரியும்?

இரண்டாம் நம்பர் சொர்ணம் என்ற அம்மா. ஒக்கலிபுரத்திலிருந்து விடியற்காலையிலேயே வந்திருக்கிறார். சர்க்கரை நோய், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருக்க, மயங்கி நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். நாங்கள் போனபோது படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் சின்னக் கட்டு.

"ஏம்மா கேக்கல நீங்க?" என்றேன்.

"கேட்டேம்மா. கம்ப்யூட்டர் கூப்பிடும், உக்காருங்கன்னாங்க. கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா, நம்மளுக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு உக்காந்துட்டேன்."

பிரபா வெளியே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அந்த போர்டு எங்கள் ஆபீஸ் செய்தது என்று சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "சரி பண்ணிட்டீங்களா? சரி பண்ணிடுங்க, இன்னும் நெறைய பேர் ஒக்காந்திருக்காங்க" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

மீட்டிங். நேற்றே நாங்கள் திருத்திவிட்ட அந்த வரியைத் தேஜஸ் திரையில் காட்டினான். "இது பிரபாவோட சேஞ்ச்." மேனேஜர் ஏதோ குறித்துக்கொண்டார். பிரபா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன், "கொஞ்சம் கீழ ஸ்க்ரோல் பண்ணுங்க தேஜஸ். அதைப் பார்த்து ஓகே பண்ணவங்கன்னு யார் பேரு இருக்கு?"

அவன் ஸ்க்ரோல் பண்ணவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவன் பெயர்தான். "ஒரு வாரம் டெஸ்டுக்குக் கேட்டேன், கொடுக்கல. அந்த வரியை நான் எழுதியிருந்தாலும் இதே டெஸ்ட் பாஸ்தான் ஆகியிருக்கும்." குரல் உயர்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது. தெரிந்தால் என்ன!

ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். நெற்றிக் கட்டோடு அந்த அம்மா முகம்.

மார்ச் 24, திங்கள்

மேலே இருந்து உத்தரவு, லைப்ரரியை எல்லா இடத்திலும் திரும்பப் போடு. தேஜஸ் என் இடத்துக்கே வந்தான். "நீங்க சொன்னதுதான் கரெக்ட். எல்லாத்தையும் பழையபடி வெச்சிடுங்க."

இதைக் கேட்கத்தானே காத்திருந்தேன்?

மாற்றிய இடங்களையெல்லாம் சனி, ஞாயிறு உட்கார்ந்து பார்த்திருந்தேன். பெரும்பாலும் பிரபா எழுதியதுதான் நன்றாக இருக்கிறது, படித்ததும் புரிகிறது. லைப்ரரியின் சுமை இல்லாததால் மருத்துவமனைக் கவுன்ட்டரின் பழைய டேப்லெட்டில் பக்கம் சட்டென்று திறக்கிறது. நானே வருஷக்கணக்காக, தேவையே இல்லாத இடத்தில் எல்லாம் லைப்ரரியைக் கூப்பிட்டிருக்கிறேன். சில இடத்தில் மட்டும் அது வேண்டும். பிரிவு வாரியாகத் தொகுக்கும் புது வசதி அந்த டேப்லெட்டுக்குத் தெரியாது, காலிப் பட்டியல் வரும் இடம் இன்னொன்று.

"எல்லாத்தையும் திரும்பப் போடக் கூடாது" என்றேன்.

தலையில் கை வைத்துக்கொண்டான். "எடுக்கச் சொன்னா சண்டை. போடச் சொன்னாலும் சண்டையா?"

"ரெண்டுமே பார்க்காம பண்றதுதான். ஒவ்வொரு இடமா பார்க்கணும். நானும் பிரபாவும். நேரம் குடுங்க."

"பிரபாவா?"

"பிரபாதான்."

மார்ச் 26, புதன்

நேரம் கிடைத்தது. ஒரு அம்மா விழுந்தால்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

பிரபாவோடு மாரடிக்க வேண்டியிருக்கிறது. சாதாரணக் கூட்டலுக்குக்கூட லைப்ரரியைக் கூப்பிடுகிறாள். "அதுவே பார்த்துக்கும் ஜூடித், எனக்கு ரிஸ்க் வேணாம்." எனக்கு அழுகையே வந்தது. எனக்கு வழி காட்டியதே அவள் எழுதிய வரிகள்தான் என்று சொன்னேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். தேஜஸ் இந்தப் பக்கம் வருவதே இல்லை. வந்து ஒரு வார்த்தை 'சாரி' சொன்னால் என்ன குறைந்துவிடும் அவனுக்கு?

ஏப்ரல் 11, வெள்ளி

பிரபாவை நிரந்தரமாக்கிவிட்டார்கள். தேஜஸ்தான் எழுதிக் கொடுத்தானாம். வாயால் சொல்லத் தெரியாத ஆள்.

ஏப்ரல் 23, புதன்

ஒரே நோயாளியின் பெயர் போர்டில் இரண்டு முறை வராமலிருக்க ஒரு சின்னத் திருத்தம் எழுதி அனுப்பினேன். பழக்கத்தில் லைப்ரரியைக் கூப்பிட்டிருந்தேன். மதியம் பிரபா திருப்பி அனுப்பிவிட்டாள். கீழே எழுதியிருந்தாள்: "இதை மொழியே செய்யும். அந்த டேப்லெட்டிலும் ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது. நூறு டோக்கனுக்கு டெஸ்ட் எழுதி இணைத்திருக்கிறேன். மாற்றி அனுப்புங்கள், அப்போதுதான் ஓகே செய்வேன்."

சுருக்கென்றது. என் கோடையே திருப்பி அனுப்புகிறாளா? பதிலுக்கு ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயமும் இல்லை.

அழித்துவிட்டு அவள் சொன்னபடியே மாற்றி அனுப்பினேன். எதிர் வரிசையில் நிமிர்ந்து பார்த்து, ஓகே போட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டாள்.