சுண்ணாம்புக் கோட்டு வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறது, அவரும் யார் சொல்வதையும் கேட்பதில்லை என்பதால் இரண்டுக்கும் சரியாகப் போயிற்று. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், போன தடவை வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப் போயிருந்தது, வெளிச்சம் சரியில்லை என்று நீ சொன்னாய், வெளிச்சத்துக்கு உன் கன்னத்தின் மேல் மட்டும் என்ன கோபமோ. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் முக்கியமான பேச்சை எடுத்தால் போதும், பார்க்கலாம்மா, மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுகிறாய், அப்பா வேறு பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் போடு, ஸ்பீக்கரில் போடு என்று கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நம் தெரு இப்போது நீ பார்த்த தெரு இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியைத் தவிர வெறும் புதராகக் கிடந்ததே, அங்கே வரிசையாக அடுக்குமாடி எழும்பிவிட்டது, எல்லா பால்கனியிலும் துணி காய்கிறது, யார் வீட்டில் கைக்குழந்தை, யார் ஆஸ்பத்திரியில் வேலை, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று கொடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு அடுத்தவர் விஷயம் என்றால் காது தானாக நீளும் என்று அப்பா கேலி செய்வார், செய்யட்டும். இத்தனை ஜனம் வந்தும் அவர்கள் காலாற நடக்கவோ பிள்ளைகள் ஓடி விளையாடவோ ஓர் இடம் கிடையாது. பள்ளிக்கூடமும் நூலகமும் நம் பக்கம், ஜனமெல்லாம் அந்தப் பக்கம், நடுவில் ஓடை, சுற்றிக்கொண்டு போனால் லாரி ஓடுகிற பெரிய ரோடு. நகராட்சிக்கு இப்போதுதான் கண் திறந்து, ஊருக்குப் பூங்கா, திறந்த வெளி, நடைபாதை எல்லாம் எங்கெங்கே வரவேண்டும் என்று திட்டம் போட ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள், உன் வயசுதான் இருக்கும். எந்நேரமும் கையில் ஒற்றைச் சக்கரம் வைத்த அளவுகோலை உருட்டிக்கொண்டே போவதால் தெருவில் அவளுக்குச் சக்கரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அவளுக்கும் அது தெரியும், சிரித்துக்கொள்கிறாள்.

முதல் கூட்டத்தை நூலகத்தில் வைத்தாள். ஊரின் படத்தைப் பெரிதாக அச்சடித்து டேபிள் டென்னிஸ் மேஜை மேல் விரித்து, பூங்கா வேண்டிய இடத்தில் பச்சைப் பொட்டு ஒட்டுங்கள், வேண்டாத இடத்தில் சிவப்பு ஒட்டுங்கள் என்று எல்லார் கையிலும் கொடுத்தாள். நம் ஜனத்தைப் பற்றித் தெரியாதா உனக்கு, ஒவ்வொருவரும் தன் வீட்டு முன்னால் சிவப்பை ஒட்டிவிட்டு அடுத்த வீட்டு முன்னால் பச்சையை ஒட்டினார்கள். கடைசியில் பார்த்தால் தெரு முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. எதிர் வீட்டு பேங்க்காரர் எழுந்து, பார்க் கட்டாயம் வேணும், ஆனா பெஞ்சு மட்டும் கூடாது, பெஞ்சு போட்டா ஆளுங்க வந்து உக்காந்துக்குவாங்க என்றார். அந்தப் பெண் முகத்தைத் துளியும் மாற்றாமல் அதையும் குறித்துக்கொண்டாள், அப்போதே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஒட்டியதை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, ஜனங்க சொல்றத விட நடக்கிறதப் பாக்கணும் என்று மறுநாளே சக்கரத்தை உருட்டக் கிளம்பிவிட்டாள்.

உருட்டிக்கொண்டு வந்தவள் நேராக உன் மனைக்கு வந்து சேர்ந்தாள். நம் வீட்டை ஒட்டின காலி மனையில் ஜனங்கள் குறுக்கே நடப்பது உனக்கே தெரியும், ஓடை மேல் கிடக்கும் பழைய பலகையில் ஏறி இந்தப் பக்கம் இறங்கினால் தெருவுக்கு வர அது ஒன்றுதான் வழி. நடந்தா நடக்கட்டும், பாப்பா வீடு கட்டும்போது நிறுத்திக்கலாம் என்று அப்பாவும் விட்டுவிட்டார். புல் தேய்ந்து மண் தெரிய ஒரு தடமே விழுந்திருக்கிறது. அந்தப் பெண் தடத்தில் குனிந்து நிமிர்ந்து ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள், நான் சும்மா இருப்பேனா, போய் நின்றேன். ஆன்ட்டி, இந்தத் தடம் ஏன் ரெண்டு இடத்துல வளையுது, மரமும் இல்ல, கல்லும் இல்ல, பள்ளமும் இல்ல, நேரா வந்தா நாலு எட்டுல தெருவுக்கு வந்துடலாமே என்றாள். பார்த்தால் ஆமாம், ஓடைப் பக்கமிருந்து வந்து, பாதியில் வலது பக்கம் ஒடிந்து, அப்புறம் மறுபடியும் இடது பக்கம் ஒடிந்து தெருவுக்கு வருகிறது. தினமும் மாடி ஜன்னலில் நின்று பார்க்கிறேன், ஒரு நாளும் எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு மண்டை குடைச்சல். பேங்க்காரரைக் கேட்டால், அங்க பாம்புப் புத்து இருந்திருக்கும், புத்து போயிருக்கும், பயம் போயிருக்காது என்றார். மருந்துக்கடைக்காரர் பூமிக்கடியில் பழைய குழாய் போகிறது, மழைக்கு அந்த இடம் மட்டும் சேறாகும் என்றார், மழை பெய்ததும் குடையோடு போய்ப் பார்த்தேன், எல்லா இடமும் ஒரே சேறுதான். அடுப்பில் இருந்ததை இரண்டு தடவை தீய விட்டேன், அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். அவர் பேசாததற்குக் காரணம் வேறு, அதற்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் பொறுக்க முடியாமல், பார்த்தது போதும் நடந்து பார்ப்போம் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைப் பக்கம் போய் அங்கிருந்து தடத்தைப் பிடித்து நடந்தேன். முதல் வளைவு வந்தது, திரும்பினேன், இரண்டாவது வளைவு வந்தது, திரும்பினேன், தெருவில் வந்து நின்றதும் திரும்பிப் பார்த்தேன். கொல்லைக் கதவு வழியாக நுழைந்து, சமையலறையைத் தாண்டி, கூடத்துக்குள் திரும்பி, முன்வாசல் வழியாக வெளியே வந்திருக்கிறேன் பாப்பா, உன் வீட்டுக்குள் புகுந்து புறப்பட்டு வந்திருக்கிறேன்.

உனக்கு ஞாபகம் வந்திருக்கும். நீ ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவும் நீயும் அவர் விளையாட்டு வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தின் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கயிறு கட்டி, கபடிக் களத்துக்குப் போடுகிற மாதிரி அந்த மனையில் ஒரு வீட்டுக்குக் கோடு போட்டீர்களே, கதவு வருகிற இடத்தில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு. நீ வெளியூர் போன பிறகும் வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் அவர் அந்தக் கோட்டைப் புதுப்பித்துக்கொண்டேதான் இருந்தார், இந்த வருஷம் முழங்கால் விடவில்லை, பழைய கோடு மழையில் கரைந்துவிட்டது, அதனால்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் வெறும் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பெரிய மனுஷர்கள் ஏன் வளைந்து போக வேண்டும், அது அப்போதும் புரியவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறானே, அப்பாவிடம் விளையாட்டுப் பாடத்தில் உதை வாங்காத குறையாக வளர்ந்தவன், அவன் வேலை முடிந்து அந்த வழியாக வரும்போது மடக்கிப் பிடித்துக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என்னம்மா, உங்களுக்கே தெரியாதா, அது சார் போட்ட கோடாச்சே, மிதிச்சா ஃபவுல், விசில் ஊதிட்டாருன்னா என்றான். அவன் தலையில் இப்போது முடி பாதி இல்லை. இந்தத் தெருவில் பாதிப் பேர் அப்பாவிடம் படித்தவர்கள்தானே, அவர்கள் கதவு வழியாகவே போய்ப் போய்ப் புல் தேய்ந்தது, புதிதாக வந்த அடுக்குமாடி ஜனம் தேய்ந்த தடத்தைப் பார்த்து நடந்தது, கோடு போன பிறகும் காலின் பழக்கம் போகவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்ததில் பாதிதான் சிரிப்பு.

அப்பா பேசாமல் இருந்ததைச் சொல்கிறேன் என்றேனே. அந்தப் பெண் முறையாக வீட்டுக்கே வந்து, ஓடை மேல் சின்னப் பாலம் கட்டப் போகிறோம், பள்ளிக்கூடத்துப் பழைய மைதானம் பூங்காவாகப் போகிறது, இரண்டையும் சேர்க்க உங்கள் மனையில் ஒரு நடைபாதை அளவுக்கு இடம் கொடுக்க முடியுமா, கொடுக்காவிட்டால் பிள்ளைகள் லாரி ரோட்டைச் சுற்றித்தான் வரவேண்டும், கட்டாயம் எதுவும் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று பதவிசாகத்தான் கேட்டாள். அப்பா, அது பாப்பா வீடு என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனவர்தான். அன்று இரவு உனக்குப் போன் போட்டு அவர் கேட்டதற்கு, உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்ங்கப்பா என்றாய். நீ நல்ல மனசோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். அவர் போனை வைத்துவிட்டு, சரின்னா என்ன அர்த்தம், வர்றாளா, வரலையா என்று என்னைக் கேட்டார். அதற்கப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மனைப் பக்கம் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்.

தடம் ஏன் வளைகிறது என்று நான் கண்டுபிடித்ததை அவரிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை, உனக்கு வேற வேலை இல்ல என்றார். ஆனால் சாயங்காலம் மாடியில் நாற்காலி போடும் சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுக்குமாடியிலிருந்து ஒருத்தி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள், பலகையில் வண்டி ஏறாமல் தூக்கித்தான் இறக்கினாள், அப்புறம் நம் மனையில் வளைந்து, திரும்பி, வளைந்து போனாள். அவள் அப்பாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கதவு வழியாத்தான் போறா என்று அப்பா மெதுவாகச் சொன்னார். பிறகு நர்ஸ் இரண்டு பேர், பிறகு டியூஷன் முடிந்து ஒரு கூட்டம், இருட்டுகிற வரைக்கும் இறங்கி வரவில்லை, முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்தேன், அதற்கும் முறைக்கவில்லை.

மறுநாள் காலையில் கூப்பிட்டு, கயிற்றின் ஒரு முனையைப் பிடி என்றார். பள்ளிக்கூடத்தில் கேட்டுச் சுண்ணாம்பு வண்டியை வாங்கி வந்திருக்கிறார், நொண்டிக்கொண்டே தள்ளுகிறார். கதவு இடத்தையெல்லாம் அடைத்து ஜனத்தை நிறுத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் வீட்டையே நகர்த்திக்கொண்டிருந்தார் பாப்பா. மொத்த வீட்டையும் நம் சுவர்ப் பக்கமாகத் தள்ளி, கொஞ்சம் ஒல்லியாக்கி, அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டியும் ஒரு சைக்கிளும் எதிரெதிரே போகிற அளவுக்கு நேராக வழி விட்டுவிட்டார். கூடம் சிறுத்துவிட்டது, உன் அறையும் கொஞ்சம் குறைந்தது, நீ அன்றைக்கு அடம் பிடித்த ஜன்னலோரப் படிப்பு மேடையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். எல்லாம் முடிந்ததும் பார்த்தேன், நாலு பக்கமும் கோடு சேர்ந்திருக்கிறது, வாசல் இல்லை. பேங்க்காரர் தன் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார், ஆம்புலன்ஸ்காரனும் வந்து கோட்டுக்கு வெளியே காலை ஒட்டி வைத்துக்கொண்டு நின்று, சார், புது வீட்டுக்கு வாசல் எங்க சார் என்றான். பாப்பா சொல்லணும் என்றார் அப்பா.

அதைக் கேட்கத்தான் இத்தனை பக்கம். தெருவைப் பார்த்து வாசல் வைத்தால் பழையபடி இருக்கும், பாதையைப் பார்த்து வைத்தால் போகிற வருகிற ஜனமெல்லாம் உன் வாசலில் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகும், உனக்கு அது தொந்தரவா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை, நீ இங்கிருந்து போகும்போது இருந்த பாப்பாவை வைத்துத்தான் யோசிக்க முடிகிறது. அந்தப் பெண் சக்கரத்தோடு வந்து பார்த்து, வாசல் பாதைப் பக்கம் என்றால் அங்கே வழி கொஞ்சம் அகலமாக வேண்டும், திட்டப் படம் போட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள் என்றாள். எனக்கு நீ இங்கே வந்து இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது, மூடி மறைக்கவில்லை, ஆனால் அந்த ஆசைக்காக எழுதாதே. வரப்போவதில்லை என்றால் அதையும் தைரியமாக எழுது, அப்பாவிடம் நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன், கோட்டை அழித்துவிட்டு அங்கே இரண்டு பெஞ்சு போடச் சொல்லலாம், அந்தப் படிப்பு மேடை இருக்கும் இடத்தில் ஒன்று. பேங்க்காரர் வயிறெரிவார், எரியட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடு, ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே படுக்காதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல மனுஷர்கள் நடுவில், யாருக்கும் தலை குனியாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார், நீங்களே எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன், யோசித்து யோசித்து ஓரத்தில் வீட்டுப் படம்தான் போட்டிருக்கிறார். பதிலைச் சீக்கிரம் எழுது. நேற்றும் மழை தூறியது, சுண்ணாம்பு லேசாகக் கரைய ஆரம்பித்திருக்கிறது, வாசல் தெரியாமல் மறுபடியும் எப்படிப் போடுவது என்று இன்று காலையிலும் வண்டியைத் தொட்டுக்கொண்டே நின்றிருந்தார்.

உன் பதிலுக்காக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்,
அம்மா