ஒற்றைக் கந்தான் மொட்டு

அக்கா,

இன்று காலை லக்சா நூடுல்ஸின் மீன் சாற்றில் போடக் கந்தான் இஞ்சிப்பூ மொட்டை நறுக்கினேன். அந்த இளஞ்சிவப்பு இதழ்களில் கத்தி பட்டதும் எழுந்த புளிப்பு வாசனை, உங்களைக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவிட்டது.

ஜெலுத்தோங்கில் நம் வீடுகளுக்கு நடுவே இடுப்பளவுச் சுவர்தான். பாலிக் புலாவிலிருந்து கொண்டுவந்த கந்தான் கிழங்கில் பாதியை எனக்குக் கொடுத்தீர்கள். "மத்தியான வெயில் படக்கூடாது. ஈரம் வேணும், ஆனா தண்ணி தேங்குனா கிழங்கு அழுகிடும்லா" என்றீர்கள். மூன்றாம் வருடம் உங்கள் பக்கம் மொட்டு மொட்டாக வந்தது. என் செடியில் இலைதான். நல்ல பாதியை வைத்துக்கொண்டு வீணானதைத் தந்தீர்களோ என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிறகு ஒன்றே ஒன்று வந்தது. விரிவதற்குள் அறுக்க வேண்டுமென்று தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பினால், தண்டு மொட்டையாக நிற்கிறது. அதன் அருகில் கையில் பாராங்குடன் நீங்கள் குனிந்திருந்தீர்கள்.

"ஒங்க வீட்டுல இல்லாத பூவாக்கா? கேட்டா குடுக்க மாட்டேனா?"

"நான் எடுக்கலம்மா."

"பின்ன கத்தி எதுக்கு?"

என்னையே பார்த்தீர்கள். பாராங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அதன்பின் நாம் பேசவே இல்லை. நான்கே மாதத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. துக்க வீட்டில் எல்லாருக்கும் பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் என் செடி புதராக மண்டி, ஏழெட்டு மொட்டு விட்டது. பிரித்து நடலாமென்று ஓரத்தில் தோண்டினேன். வேருக்கடியில் ஒரு சின்ன வாய்க்கால், பின்பக்கச் சாக்கடையை நோக்கிச் சரிவாகப் போனது. அதில் வரிசையாக உடைந்த ஓடுகள். உங்கள் சமையலறைக் கூரையை மாற்றியபோது சுவரோரம் அடுக்கிவைத்திருந்தீர்களே, அதே ஓடுகள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மொட்டை அறுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் குடிவந்திருக்கிறாள். போன வாரம் சுவரைத் தாண்டிச் செடிப்பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "என்னம்மா வேணும்?" என்று கேட்டேன்.

"துணி பறந்து விழுந்துடுச்சுக்கா."

எடுத்துக் கொடுத்தேன். சிரித்துப் பேசினேன். அவள் உள்ளே போனதும் மொட்டுகளை எண்ணினேன், அக்கா. எல்லாம் இருந்தன. மறுபடியும் ஒருமுறை எண்ணினேன்.